லோட்ஷெடிங்குக்கு இலக்கணம்

கொல்கத்தாவின் டாக்குரியாவில் இருட்டுக்கு ஒரே பெயர்தான்: லோட்ஷெடிங். ஃபியூஸ் போனாலும் லோட்ஷெடிங். பல்பு வெடித்தாலும் லோட்ஷெடிங். லிஃப்ட் பாதியில் நின்றாலும் லோட்ஷெடிங். பில் கட்டாத வீட்டில் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனால்கூட, அந்த வீட்டுக்காரர் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வது லோட்ஷெடிங் என்றுதான். மூன்றாம் மாடி மாஷிமாவின் (நம் பெரியம்மா மாதிரி) பேரன் கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டபோது, "மாதாய் லோட்ஷேடிங் ஹோயே கேலோ" என்று காரணம் சொன்னார். பையனுக்கு மண்டைக்குள் கரண்ட் போய்விட்டதாம்.

இத்தனைக்கும் கொல்கத்தாவில் அசல் லோட்ஷெடிங் அரிதாகிப் பல வருஷம் ஆகிறது. ரயில்பாதைக்கு மேலே போகும் பாலம், பாலத்துப் பக்கத்தில் தக்ஷிணாபண் கடைத்தொகுதி, ஸ்டேஷன் ரோட்டு மீன்கடை எல்லாம் விடியவிடிய வெளிச்சமாகத்தான் இருக்கின்றன. பூஜை வந்தால் பாபுபாகான் பந்தலில் ஊசி விழுந்தால் எடுத்துவிடலாம். ஆனாலும் ஒரே ஒரு நிமிஷம் விளக்கு கண்ணடித்தால் போதும், நாலு மாடியிலிருந்தும் ஒரே குரலில் கிளம்பும்: "ஜா! லோட்ஷேடிங்!"

எனக்கு இது பொறுக்காது. நான் தஞ்சாவூர் ஜில்லாக்காரன். எழுபதுகளின் கடைசியில் மத்திய சர்க்கார் கணக்கு இலாகா வேலையோடு கல்கத்தாவுக்கு வந்து, லேக் மார்க்கெட் பக்கம் மெஸ்ஸில் கிடந்து, கல்யாணமாகி, வாடகை ஏற ஏறப் பாலத்தைத் தாண்டி டாக்குரியாவில் ஒதுங்கியவன். பிறர் எழுதிய கோப்புகளில் பிழை கண்டுபிடிப்பதற்கு சர்க்கார் எனக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தது. ஓய்வு பெற்ற பிறகு கோப்பு கிடையாது. பழக்கம் மட்டும் விடவில்லை. ஆகவே ஊரார் பேசும் ஆங்கிலத்தில் பிழை பார்க்க ஆரம்பித்தேன்; இதற்குச் சம்பளம் கிடையாது, வசவு மட்டும் உண்டு.

பள்ளிக்கூடத்தில் தமிழய்யா நன்னூலை அடித்துச் சொல்லிக்கொடுத்தவர். அடி நூலுக்கு அல்ல, எங்களுக்கு. இரண்டு சொல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது தொகை. தொகை ஆறு வகை: வேற்றுமை, வினை, பண்பு, உவமை, உம்மை, அன்மொழி. ஆங்கிலக் கூட்டுச் சொற்களைப் பிடித்து இந்த ஆறு டப்பாக்களில் போட்டு மூடுவது என் ஓய்வுக்காலத் தொழில். பிளாக்போர்டு பண்புத்தொகை. பேண்ட்-ஷர்ட் உம்மைத்தொகை. வாட்ச்மேன் வினைத்தொகை, பார்த்த, பார்க்கின்ற, பார்க்கும் என்று மூன்று காலத்தையும் ஒளித்து வைத்திருக்கிறது. எங்கள் அடுக்ககத்து வாட்ச்மேன் மூன்று காலத்திலும் எதையும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். டிசம்பர் பிறந்ததும் டாக்குரியா முழுவதும் தலையில் ஏறும் மங்கி கேப் உவமைத்தொகை, குரங்கு போன்ற குல்லா. அதை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் நான் லேக்கைச் சுற்றும்போது, "மங்கி கேப் போகிறது" என்று யாராவது சொன்னால் அது அன்மொழித்தொகை. (லேக்குக்கு 1958இலேயே ரவீந்திர சரோபர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். என் வயதுக்காரர்களுக்கு அது இன்னும் டாக்குரியா லேக்தான்.)

சரி, லோட்ஷெடிங் எந்த டப்பா? ஒரு வைகாசிப் புழுக்கத்தில், விளக்கு அணைந்த வேளையில், நாற்காலியில் சாய்ந்து ஆராய்ந்தேன். லோடை ஷெட் பண்ணுவது, பாரத்தைக் கழற்றிப் போடுவது. 'ஐ' உருபு மறைந்திருக்கிறது. எனவே இரண்டாம் வேற்றுமைத் தொகை. ஆனால் இருட்டு எங்கே? 'லோடு' என்ற சொல்லில் இருட்டு இல்லை; 'ஷெடிங்' என்ற சொல்லிலும் இல்லை. விளக்கு, விசிறி, வியர்வை, கொசு ஒன்றுமே இரண்டிலும் கிடையாது. 'பொற்றொடி வந்தாள்' என்றால் வந்தது வளையல் அல்ல, வளையல் போட்ட பெண். அதுபோல 'லோட்ஷெடிங் வந்தது' என்று டாக்குரியா சொன்னால், வந்தது இரண்டு சொல்லுக்கும் வெளியே நிற்கும் இருட்டு. ஆகவே லோட்ஷெடிங் என்பது இரண்டாம் வேற்றுமைத் தொகைப் புறத்துப் பிறந்த அன்மொழித்தொகை!

இந்த முடிவை உரக்கச் சொன்னேன். சமையலறை இருட்டிலிருந்து பதில் வந்தது.

"இருட்டுல இவ்வளவு தோணுதுல்ல, மெழுகுவத்தி எங்க வெச்சீங்கன்னு தோணுதா?"

தோணவில்லை.

சந்தேகம் தீரக் கீழ்த்தளத்து இன்ஜினியரிடம் போனேன். அனல்மின் நிலையங்களில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். லோட்ஷெடிங் என்ற சொல்லைத் தப்பாகச் சொன்னால் ரத்தக்கொதிப்பு ஏறும் ஆத்மா டாக்குரியாவில் என்னைத் தவிர அவர் ஒருவர்தான்.

"உட்காருங்கோ மொஷாய்" என்று டீயை நகர்த்திவிட்டு விளக்கினார். உற்பத்தியாகும் மின்சாரமும் செலவாகும் மின்சாரமும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். நம் நாட்டு மின்சாரத்தின் துடிப்பு நொடிக்கு 50. உற்பத்தியைவிடச் செலவு கூடினால், டர்பைன்கள் இழுக்க முடியாமல் தளரும். துடிப்பு 50க்குக் கீழே இறங்கும். இறங்க விட்டால், இயந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ள ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். அப்புறம் ஊர் மொத்தமும் இருட்டு. அப்படி ஆகாமல் இருக்க, ஏதாவது ஒரு பேட்டையின் ஸ்விட்சை வேண்டுமென்றே இறக்குகிறார்கள். அதற்குத்தான் லோட்ஷெடிங் என்று பெயர். கம்பியில் மரம் விழுந்தால் அது ஃபால்ட். கம்பியில் வேலை நடந்தால் அது ஷட்டவுன். உங்கள் வீட்டில் மட்டும் போனால் அது உங்கள் சொந்த விவகாரம்.

"லோட்ஷெடிங் தானாக வராது. ஒரு ஆள் உட்கார்ந்து, பட்டியல் பார்த்து, இவன் வேண்டாம் என்று தீர்மானித்துக் கழற்றிவிட வேண்டும்."

"அப்படியானால் லோடு என்பது?"

இன்ஜினியர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள்தான் மொஷாய்."

ரேஷன் கார்டில் நான் குடும்பத் தலைவன். வாக்காளர் பட்டியலில் வாக்காளன். கல்யாணப் பத்திரிகையில் 'திருவாளர்'. மின் நிலையத்திலிருந்து பார்த்தால் நான், என் விசிறி, என் மனைவியின் கிரைண்டர், பெண்டாட்டிக்குத் தெரியாமல் ராத்திரி இரண்டு மணிக்கு நான் திறந்து பார்க்கும் ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து ஒரு பாரம். சொல்லைச் செய்தவர் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். இருட்டில் உட்கார்ந்திருந்தவரைக் கேட்டுச் செய்திருந்தால் வேறு சொல் வந்திருக்கும். அச்சிட முடியாத சொல்லாக இருந்திருக்கும்.

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலும் சுமை இறக்கும் ஏற்பாடு உண்டு. சாலையோரத்தில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்த சுமைதாங்கி. தலைச்சுமைக்காரர் யார் உதவியும் இல்லாமல் மூட்டையை இறக்கி, இளைப்பாறி, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக உறவினர்கள் நட்டுவைத்த கல் அது. தர்மம் என்றால் அது தர்மம். ஒன்று மட்டும் நிச்சயம். அங்கே இறக்கிவைத்த மூட்டைக்கு வியர்த்ததில்லை, கொசு கடித்ததில்லை. கல்கத்தாவில் மூட்டைக்கு எல்லாம் நடந்தது.

இந்த ஊரின் மின்சாரச் சரித்திரம் நீளமானது. மின்வினியோகத்துக்காக 1897இல் லண்டனில் ஒரு கம்பெனி பதிவாயிற்று. 1899 ஏப்ரலில் இமாம்பாக் சந்தில் அதன் முதல் அனல்மின் நிலையம் ஓடியது. 1902இல் டிராமே மின்சாரத்துக்கு மாறிவிட்டது. இவ்வளவு சீக்கிரம் வெளிச்சம் பார்த்த ஊருக்குத்தான் எழுபதுகளில் நான் வந்து சேர்ந்தேன். தேவை ஏறிக்கொண்டே போயிற்று, புதிய நிலையங்கள் வந்து சேரவில்லை, வந்த நிலையங்கள் ஓடவில்லை. சந்தால்டி படுத்துவிட்டது, பாண்டேல் படுத்துவிட்டது என்று தினமும் பேப்பரில் வரும். மழைக்காலத்தில் நிலக்கரி நனைந்துவிட்டது. மழை இல்லாவிட்டால் பாய்லர் டியூபில் ஓட்டை. 'பாய்லர் டியூப் லீக்' என்பதை மீன்காரர்கூடச் சரளமாகச் சொல்வார். ஹில்ஸா மீனின் விலை ஏற்றத்துக்கும் அதையே காரணம் காட்டியவரை எனக்குத் தெரியும்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் பெண் பார்த்தபோது, "மாப்பிள்ளை கல்கத்தாவில்" என்று பெண் வீட்டார் பெருமைப்பட்டார்கள். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் அப்போதுதான் விட்டிருந்தார்கள். புதுப் பெண்டாட்டியோடு ஹௌராவில் இறங்கி, பாலத்தையும் விக்டோரியா நினைவகத்தையும் காட்டி, பெருமையோடு வீட்டு வாசலில் நிற்கிறேன், லோட்ஷெடிங். மாடிப்படியில் பக்கத்து வீட்டு அம்மாள் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்தார். என் மனைவி அந்த விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதுக்கா ரெண்டு நாள் ரயில்ல வந்தோம்? இது எங்க ஊர்லயே இருக்கே."

அந்த அரிக்கேனுக்குப் பிறகு இந்த வீட்டில் என் பேச்சு எடுபட்டதில்லை.

அந்தக் கால லோட்ஷெடிங்குக்கு ஒரு சடங்கு முறை இருந்தது. கரண்ட் போனதும் தெரு முழுவதும் 'ஓஓஓ' என்று ஓர் ஊளை. பிறகு பனையோலை விசிறி வெளியே வரும். வாசல் ரோக்கில், அதாவது நம் ஊர்த் திண்ணையில், ஆண்கள் வந்து உட்கார்ந்து அட்டா என்னும் அரட்டை அடிப்பார்கள். கால்பந்தில் மோகன் பகானா ஈஸ்ட் பெங்காலா என்பது இருட்டிலேயே தீர்மானமாகும். கடியாஹாட்டில் நடைபாதைக் கடைக்காரர்கள் ஹாஜாக் ஏற்றுவார்கள்; நம் பெட்ரோமாக்ஸ்தான். மெட்ரோவுக்காக சௌரங்கி முழுவதும் தோண்டிப் போட்டிருந்த காலம்; மேலே இருட்டு, கீழே பள்ளம். 1984 அக்டோபரில் இந்தியாவின் முதல் மெட்ரோ எஸ்பிளனேடிலிருந்து பவானிபூருக்கு ஓடியபோது கைதட்டியவர்களில் பாதிப் பேர் அதற்கு முன்பே பள்ளத்தில் இறங்கிப் பார்த்தவர்களாக இருக்க வேண்டும்.

1977இல் முதலமைச்சரானவர் ஜோதி பாசு. பெயரிலேயே ஒளியை வைத்துக்கொண்டு இந்த ஊரை ஆள வந்தால் சும்மா விடுவார்களா? கரண்ட் போனால், "ஜோதி பாபு போய்விட்டார்." வந்தால், "ஜோதி பாபு வந்துவிட்டார்." இலக்கணப்படி இது நல்ல முன்னேற்றம். நம் தமிழில் 'கரண்ட் போச்சு' என்கிறோம். அது தானே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனதுபோல. வங்க மொழியில் 'ஹோயே கேலோ', அதாவது ஆகிவிட்டது, கிரகணம் ஆவதுபோல. இரண்டிலும் செய்தவர் தப்பிவிடுகிறார். வாக்கியத்துக்கு எழுவாய் தேடிப் பிடித்து உட்காரவைத்தது ஜோதி பாபு விஷயத்தில்தான்.

எண்பதுகளில் பக்ரேஷ்வரில் அனல்மின் நிலையம் கட்டப் பணம் திரட்ட, இளைஞர்கள் ரத்த தானம் செய்தார்கள். ரத்தம் கொடுத்துக் கரண்ட் வாங்க முனைந்த ஊர் உலகத்தில் வேறு உண்டா தெரியவில்லை. எங்கள் ஆபீஸ் பக்கத்து முகாமில் நானும் வீரமாகக் கையை நீட்டினேன். ஊசியைக் கண்டதும் லோட்ஷெடிங் எனக்குத்தான். கண் திறந்தபோது கையில் வாழைப்பழமும் வேகவைத்த முட்டையும் இருந்தன. ரத்தம் என்னிடமே இருந்தது. அந்த நிலையத்தின் முதல் யூனிட் கடைசியில் ஜப்பானியக் கடனுதவியோடு 1999இல் வந்தது. அதற்கு முன்பே 1983இல் டிட்டாகர், அடுத்துக் கோலாகாட், 1997இல் பட்ஜ்பட்ஜ் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 1991இல் மின்துறைக்கு மந்திரியாக வந்தவர் ஷங்கர் சென். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பேராசிரியர். வாத்தியார் வந்தால் வகுப்பு ஒழுங்காகும் என்பார்கள். கரண்ட் மெல்ல மெல்ல நிலைத்தது.

இந்த வருஷங்களில் கும்பகோணத்து மச்சான் எனக்குச் செய்த கேலிக்கு அளவில்லை. "என்ன மாப்ளே, கல்கத்தாவுல காந்தி ஜெயந்திக்காவது கரண்ட் உண்டா?" என்று கடிதத்தில் கேட்பார். காலம் திரும்பியது. தமிழ்நாட்டில் 'மின்வெட்டு' என்ற சொல் செழித்து வளர்ந்தது. ஆற்காடு வீராசாமி மின்துறை மந்திரியாக இருந்தபோது, ஜோதி பாபுவுக்கு இங்கே நடந்தது அங்கே அவருக்கு நடந்தது. இருட்டான தெருவெல்லாம் அவர் பெயரைச் சொல்லியது. ஆட்சி மாறியும் வெட்டு மாறவில்லை. 2012இல் சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு என்றால், மாவட்டங்களில் பாதி நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. இந்த முறை போன் போட்டது நான்.

"என்ன மச்சான், கரண்ட் எப்பப் போகும்?"

"எப்பப் போவும்னு கேக்காதே மாப்ளே. எப்ப வரும்னு கேளு."

குரலில் அவ்வளவு சோகம். அன்றைக்கு நான் ஒரு பிளேட் ரசகுல்லா கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அதே 2012, ஜூலை 31. வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் மூன்றும் மதியத்தில் ஒன்றாகச் சரிந்தன. 60 கோடிக்கும் மேற்பட்டோர் இருக்கும் பகுதிகளில் கரண்ட் போயிற்று. ரயில்கள் நடுவழியில் நின்றன. நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர்கள் மேலே வர முடியாமல் தவித்தார்கள். கொல்கத்தா நகரின் மின்வலை மட்டும் தொகுப்பிலிருந்து கழன்று தனித் தீவாக ஓடிக்கொண்டிருந்ததால், டாக்குரியாவில் விசிறி சுற்றியது. மூன்றாம் மாடி மாஷிமா டெலிவிஷனைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். முகத்தில் அப்படியொரு பிரகாசம். "தில்லியில் லோட்ஷேடிங்!"

கீழ்த்தளத்து இன்ஜினியர் படியேறி வந்து மறுத்தார். "லோட்ஷெடிங் இல்லை மாஷிமா. சரியான நேரத்தில் லோட்ஷெடிங் பண்ணாததால் வந்த வினை."

மாஷிமாவுக்கு இந்த நுட்பம் பிடிக்கவில்லை. "இருட்டா, இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

தென்னாட்டுத் தொகுப்பு அப்போது தனித் துடிப்பில் ஓடியதால் தமிழ்நாடு தப்பித்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் இடையே போட்ட கம்பி வழியாக அதையும் சேர்த்துக் கட்டினார்கள். அன்று முதல் கும்பகோணத்து மச்சானின் கிரைண்டரும் டாக்குரியாவில் என் விசிறியும் ஒரே தாளத்தில் ஆடுகின்றன. மாமன் மச்சான் சண்டை தீர இதைவிட நல்ல ஏற்பாடு யாராலும் செய்திருக்க முடியாது.

2020 மே 20இல் அம்பன் புயல் வந்தது. லேக்கைச் சுற்றியும் தெருத் தெருவாகவும் மரங்கள் வேரோடு விழுந்து கம்பிகளை இழுத்துக்கொண்டு கிடந்தன. தென் கொல்கத்தாவின் பல பேட்டைகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை; மரம் அறுக்க ராணுவம் வந்தது. அப்போதும் டாக்குரியா சொன்னது லோட்ஷெடிங் என்றுதான். இன்ஜினியர் மொட்டைமாடியில் நின்று, "ஃபால்ட்! இது ஃபால்ட்!" என்று கத்தினார். நான் பக்கத்தில் நின்று, "அன்மொழித்தொகை!" என்று கத்தினேன். தண்ணீர் மோட்டார் ஓடாத கோபத்தில் இருந்த மக்கள் எங்கள் இருவரையும் ஒன்றாகவே பார்த்தார்கள். பார்வை நல்லதாக இல்லை.

இனி அசல் லோட்ஷெடிங்குக்கு வருகிறேன். அது இப்போது கொல்கத்தாவில் ஒரே இடத்தில் முறைப்படி நடக்கிறது: என் வீட்டில்.

வீட்டுக்கு அனுமதித்த மின்பளு என்று ஒன்று உண்டு. இணைப்பு வாங்கும்போது எழுதிக் கொடுத்தது. நான் எழுதிக் கொடுத்த காலத்தில் வீட்டில் நாலு பல்பு, இரண்டு விசிறி, ஒரு இஸ்திரிப் பெட்டி. சிக்கனக்காரன் என்பதால் அதற்கு மேல் ஒரு வாட் கேட்கவில்லை. இப்போது இரண்டு ஏசி, கீசர், மைக்ரோவேவ், இண்டக்ஷன் அடுப்பு, வாஷிங் மெஷின், கிரைண்டர், மிக்ஸி. ஏசி இரண்டும் ஓடும்போது கீசரைப் போட்டால் எம்சிபி ஸ்விட்ச் படாரென்று விழும். பளுவைக் கூட்டிக் கேட்டு மனுப் போட்டால் தீர்ந்தது. அதற்குக் கூடுதல் டெபாசிட் கட்ட வேண்டும் என்று அறிந்த அன்றே மனுப் படிவத்தை மடித்து, நன்னூல் உரைக்குள் பத்திரமாக வைத்துவிட்டேன்.

ஆக, உற்பத்தி குறைவு, செலவு அதிகம், புதிய நிலையம் கட்டப் பணமில்லை. எழுபதுகளின் மேற்கு வங்கம் அப்படியே என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. நிர்வாகத்தை மனைவி ஏற்றுக்கொண்டாள். மின்வாரியங்கள் எப்போதும் வெட்டக் கூடாத லைன் என்று சிலவற்றை ஒதுக்கி வைக்கும். ஆஸ்பத்திரி, தண்ணீர் நிலையம், ரயில். எங்கள் வீட்டில் அந்த வரிசை: ஃபிரிட்ஜ், கிரைண்டர், மருமகள் வீட்டிலிருந்தபடி ஆபீஸ் வேலை பார்க்கும் அறை, பேத்தி படிக்கும் அறை, இரவு ஒன்பது மணி சீரியல். பட்டியலின் கடைசியில், கிராமத்து விவசாய லைன்போல, என் படிக்கும் அறை. துடிப்பு கொஞ்சம் இறங்கினால் முதல் ஸ்விட்ச் எனக்குத்தான்.

"என்னங்க, கீசர் போடறேன். உங்க ஏசிய அணைச்சிருங்க."

"பாதிக் கட்டுரையில இருக்கேன்."

"அப்ப விசிறியையும் அணைச்சிருங்க. கொஞ்சம் சீக்கிரம் முடியும்."

போதாக்குறைக்கு ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் ஒருவன். தென்னாப்பிரிக்காவில் 2007 தொடங்கிப் பல வருஷங்கள் லோட்ஷெடிங் நாட்டையே ஆட்டிப் படைத்தது. நம்மைப் போல அவர்கள் சும்மா வெட்டவில்லை. முதல் நிலை, இரண்டாம் நிலை என்று எட்டு நிலை வரை வகுத்து வைத்திருந்தார்கள். 2022, 2023இல் ஆறாம் நிலை வரை போனது. எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குப் போகும், எத்தனை மணிக்கு வரும் என்று செல்போனில் முன்கூட்டியே அறிவிப்பு வரும். அதைப் பார்த்துத்தான் அவன் உலையே வைப்பானாம். இந்த நல்ல விஷயத்தை அவன் தன் அத்தையிடம் சொல்லித் தொலைத்தான்.

மறுநாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கால அட்டவணை ஒட்டியிருந்தது. முதல் நிலை: தாத்தா ஏசி கட். இரண்டாம் நிலை: தாத்தா ஏசி, டேபிள் லாம்ப் கட். மூன்றாம் நிலை: தாத்தா ஏசி, டேபிள் லாம்ப், விசிறி கட். நான்காம் நிலையில், வீட்டில் விருந்தாளி வந்தால், தாத்தா லேக்குக்கு நடக்கப் போக வேண்டும். பேத்தி வண்ணப் பென்சிலால் எழுதி, ஓரத்தில் பூவும் போட்டிருந்தாள். எல்லா நிலையிலும் ஒரே லைன்தானா என்று முறையிட்டேன். சுழற்சி முறை என்று உலகத்தில் ஒன்று இருக்கிறதே! நகரத்தில் ஒரு பேட்டை இருட்டில் இருந்தால் அடுத்த முறை வேறு பேட்டையை வெட்டுவார்களே!

மனைவி நிதானமாகச் சொன்னாள்: "லோடு யாருன்னு நீங்கதானே இன்ஜினியர் கிட்டப் போய்க் கேட்டுட்டு வந்தீங்க?"

மேல்முறையீட்டுக்குக் கீழ்த்தளத்துக்கு ஓடினேன். இன்ஜினியர் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. சட்டையில்லாமல், பனையோலை விசிறியோடு, வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஏசி ஓடும் சத்தம் கேட்டது, மருமகன் வந்திருக்கிறாராம். விளக்கம் எதுவும் கேட்காமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர் விசிறியைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார். அதைப் பார்த்து மாடியிலிருந்து மாஷிமா என்ன ஆச்சென்று கேட்டார்: "கீ ஹோலோ தாதா? லோட்ஷேடிங்?"

எங்கள் வாழ்நாளில் முதல்முறையாக டாக்குரியாவில் ஒருவர் அந்தச் சொல்லைச் சரியாகப் பயன்படுத்தினார். நாங்கள் இருவரும் எழுந்து நின்று ஆமோதித்தோம்.

ஆகவே குடும்பஸ்தர்களுக்கு என் சிபாரிசு இது. விளக்கு அணைந்ததும் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லாதீர்கள். முதலில் ஜன்னலைத் திறந்து எதிர்வீட்டைப் பாருங்கள். அங்கேயும் இருட்டென்றால், லோட்ஷெடிங்கா, ஃபால்ட்டா, ஷட்டவுனா என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வீடு மட்டும் இருட்டென்றால் எம்சிபியைத் தூக்கி விடுங்கள். அதுவும் சரியாக இருந்தால், போன மாதப் பில் கட்டிய ரசீதைத் தேடுங்கள். எல்லாம் ஒழுங்காக இருந்து, வீடு முழுவதும் வெளிச்சமாக இருந்து, உங்கள் தலைக்கு மேலே உள்ள விசிறி மட்டும் நின்றிருந்தால், இலக்கணத்தின்படியும் இன்ஜினியரிங்கின்படியும் அதுதான் கலப்படமில்லாத லோட்ஷெடிங். புகார் எண்ணுக்குப் போன் செய்வதில் பிரயோஜனமில்லை. மனைவியிடம் பணிவாக நடந்துகொள்ளுங்கள்.